ஒன்டாரியோ ஏரியில் கோடைக்கால சால்மன், ட்ரௌட் ட்ரோலிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்டாரியோ ஏரியின் வடகரையிலிருந்து ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் முடியும்வரை சால்மன் பிடிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படகுத்துறையில் சந்திக்கும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்தான் இவை. பேச்சு பெரும்பாலும் "எந்த ஸ்பூன் போடுவது?" என்றுதான் தொடங்கும். ஸ்பூன் என்பது கரண்டி வடிவ உலோகப் போலி இரை. அந்தக் கேள்வியை நான் கட்டுரையின் பாதிக்குப் பிறகு தள்ளி வைத்திருக்கிறேன். குளிர்ந்த தண்ணீர் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று தெரிந்தவருக்குச் சாதாரண ஸ்பூனும் மீன் தரும். அது தெரியாதவர் பெட்டி நிறைய ஸ்பூன் வைத்திருந்தும் வெறுங்கையோடு திரும்புவார்.

இங்கே படகுகளில் ஆழத்தை அடியிலும், தண்ணீரின் சூட்டைப் பாரன்ஹீட்டிலும், வேகத்தை மணிக்கு மைலிலும் சொல்வதுதான் வழக்கம். நானும் அப்படியே சொல்கிறேன்.

ட்ரோலிங் என்றால் சரியாக என்ன?

ஆள் நிதானமாக நடக்கும் வேகத்தில் படகை ஓட்டிக்கொண்டே, பின்னால் போலி இரைகளை இழுத்துக்கொண்டு போவது. நின்ற இடத்திலிருந்து வீசிப் பிடிக்க இந்த ஏரி மிகப் பெரியது. பரப்பு சுமார் 19,000 சதுர கிலோமீட்டர், மிக ஆழமான இடம் 244 மீட்டர். சால்மன் ஓரிடத்தில் தங்காது, இரையின் பின்னால் அலைந்துகொண்டே இருக்கும். அதனால் நாமும் நகர்ந்துகொண்டே தேட வேண்டும்.

சினூக் சால்மனும் கோஹோ சால்மனும் பசிபிக் மீன்கள் ஆயிற்றே, இங்கே எப்படி வந்தன?

இந்த ஏரியின் சொந்த சால்மன் அட்லாண்டிக் சால்மன். ஓடைகளின் குறுக்கே ஆலைகளுக்காகக் கட்டிய அணைகள், காடழிப்பு, கணக்கில்லாமல் பிடித்தது எல்லாம் சேர்ந்து 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அதை இல்லாமல் ஆக்கிவிட்டன. லேக் ட்ரௌட்டும் 1950கள் வாக்கில் இங்கிருந்து மறைந்தது. அதையும் அளவுக்கு மீறிப் பிடித்தார்கள். போதாததற்கு சீ லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி வேறு அதன் உடம்பில் வாயைப் பதித்து இரத்தத்தை உறிஞ்சியது.

தின்பதற்குப் பெரிய மீன் இல்லாமல் போனதும் ஏல்வைஃப் பெருகியது. சாளைக்கு உறவான, ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கும் வெள்ளி மீன் அது. 1967இல் மிச்சிகன் ஏரியில் அது கூட்டம் கூட்டமாகச் செத்துக் கடற்கரைகளில் குவிந்து நாறியது. இப்படிப் பெருகிவந்த ஏல்வைஃப்பைத் தின்ன ஒரு மீன் வேண்டும் என்று, அந்தச் சாவுக்கு முன்பே, மிச்சிகன் மாநில மீன்வளத் துறையின் ஹோவர்ட் டேனர் முன்னின்று 1966இல் கோஹோ குஞ்சுகளையும், அடுத்த ஆண்டு சினூக் குஞ்சுகளையும் விடவைத்தார். 1960களின் இறுதியில் ஒன்டாரியோ ஏரியிலும் இது தொடங்கியது. இன்றைக்கும் குஞ்சு விடுகிறார்கள். ஆனால் நாம் பிடிக்கும் சினூக்கில் ஏறத்தாழப் பாதி ஆறுகளில் தானாகப் பிறந்தவை. அட்லாண்டிக் சால்மனை மீட்டெடுக்கும் வேலை 2006 முதல் நடந்து வருகிறது.

இந்தப் பழங்கதை மீன்பிடிப்பதற்கும் உதவும். சினூக் இங்கே ஏறக்குறைய ஏல்வைஃப்பை மட்டுமே தின்று வளர்கிறது. மீன் காட்டும் சோனார் திரையில் ஏல்வைஃப் கூட்டம் மேகம்போலத் தெரியாத இடத்தில் நான் அரை மணிக்கு மேல் நிற்பதில்லை.

மே மாதம் கரையிலிருந்தே பிடித்தோம். ஜூலையில் ஒன்றையும் காணோமே?

வசந்தத்தில் கரையோர ஆழமற்ற தண்ணீர்தான் முதலில் சூடேறும். குளிரில் கிடந்த மீன் அந்த இளஞ்சூட்டைத் தேடிக் கரைக்கு வரும். ஜூலையில் அதே கரை அதற்குக் கொதிநீர் மாதிரி ஆகிவிடுகிறது.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். வெயிலில் சூடான தண்ணீர் லேசாகி மேலே மிதக்கும், குளிர்ந்தது அடியில் கிடக்கும். காற்றும் அலையும் மேல் அடுக்கை மட்டும் கலக்கும். இரண்டுக்கும் நடுவே, கொஞ்ச ஆழத்துக்குள் சூடு சட்டென்று இறங்கும் ஒரு படுகை உண்டு. அதைத்தான் தெர்மோக்ளைன் என்கிறார்கள்.

காகிதத்தில் படிப்பதைவிட ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது. ஒரு ஜூலைக் காலையில், தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிகர் கருவியின் குண்டோடு வெப்பமானியைக் கட்டிப் பத்துப் பத்து அடியாக இறக்கினேன். 20 அடியில் 68 டிகிரி. 30 அடியில் 67. 40இல் 65. சரி, இன்றைக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்தபோது 50இல் 56, 60இல் 48. பத்தே அடிக்குள் 9 டிகிரி குறைந்திருந்தது. சோனாரின் உணர்திறனைக் கூட்டியதும், அதே 50 அடியில் திரையின் குறுக்கே மங்கலான ஒரு பட்டை தெரிந்தது. அந்தப் பட்டையின் மேலும் கீழும் பிறை பிறையாக மீன்கள். தூண்டில்கள் எல்லாம் அதுவரை 30 அடியில் ஓடிக்கொண்டிருந்தன. மீன்களுக்கு மேலேயே ஒரு மணிநேரம் வீணாக இழுத்திருக்கிறோம்.

எந்த மீனுக்கு எந்தச் சூடு பிடிக்கும்?

சினூக்கை 50 முதல் 55 டிகிரிக்குள் தேடுங்கள். 54ஐ நான் எப்போதும் தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொள்வேன். கோஹோ அதைவிடச் சற்று மேலே, 54 முதல் 58 வரை. ஸ்டீல்ஹெட் என்று இங்கே சொல்லும் ரெயின்போ ட்ரௌட் 55 முதல் 60 வரை. பிரவுன் ட்ரௌட் சூட்டைத் தாங்கும், 60ஐத் தாண்டியும் கரைக்கு அருகே இருக்கும். லேக் ட்ரௌட்டுக்கு 50க்குக் கீழே வேண்டும், கோடையில் பெரும்பாலும் தரையை ஒட்டியே படுத்திருக்கும்.

இவை வேலி போட்ட எல்லைகள் அல்ல. ஏல்வைஃப் சூடான தண்ணீரில் இருந்தால் சினூக் விருட்டென்று மேலேறி, அள்ளித் தின்றுவிட்டுத் திரும்பக் குளிருக்குள் இறங்கிவிடும். பெரிய சினூக் பலவும் குளிர்ந்த பக்கத்தில், 44, 46 டிகிரியில்கூடக் கடித்திருக்கின்றன. அதனால் ஒரு தூண்டிலையாவது படுகைக்குக் கீழே 20 அடி தள்ளி ஓடவிடுங்கள்.

நேற்று 60 அடியில் எட்டு மீன். இன்று அதே இடம், அதே ஆழம், ஒரு கடிகூட இல்லை. ஏன்?

இதைக் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இராத்திரி காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது?

மேற்கிலிருந்து கச்சான் ஒரு நாள், இரண்டு நாள் விடாமல் அடித்தால் ஏரியின் மேல்நீர் நகரத் தொடங்கும். பூமி சுழல்வதால் வடகோளத்தில் அது காற்றின் திசைக்கு வலப்பக்கமாக, அதாவது தெற்கே ஒதுங்கும். வடகரையில் ஏற்படும் வெற்றிடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் எழும்பி வரும். டொரொன்டோக் கடற்கரைகளில் நேற்றுவரை சுகமாகக் குளித்த பிள்ளைகள் இன்று கால் வைத்ததும் அலறிக்கொண்டு ஓடுவது இதனால்தான். நமக்கு அது நல்ல செய்தி. 54 டிகிரி 20 அடிக்கே வந்துவிடும், மீனும் கரைக்கு நெருங்கும். சின்னப் படகுக்காரர்களுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

கிழக்கிலிருந்து கொண்டல் அடித்தால் நேர்மாறு. சூடான தண்ணீர் வடகரையில் வந்து குவியும், குளிர்ப்படுகை 100 அடிக்கும் கீழே அமுங்கும். அப்போது நேற்றைய 60 அடியில் தூண்டில் விடுவது ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது போல. ஒன்று, குண்டை அந்த ஆழத்துக்கு இறக்குங்கள். அல்லது, இன்னும் பல மைல் வெளியே போங்கள், அங்கே படுகை சற்று மேலே இருக்கும்.

காற்று நின்றதும் எல்லாம் உடனே பழைய நிலைக்கு வந்துவிடாது. சாய்த்து வைத்த பாத்திரத்தை நிமிர்த்தினால் உள்ளே தண்ணீர் ஆடுவதுபோல, அந்தப் படுகை பல நாள் மேலும் கீழும் ஆடும். அதனால் காலையில் மீன் பிடித்த ஆழம் மதியம் மாறியிருந்தால் வியக்க வேண்டாம், மறுபடி வெப்பமானியை இறக்கிப் பாருங்கள். வீட்டிலிருந்து கிளம்புமுன் முந்தைய இரண்டு நாள் காற்றின் திசையை ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். அன்றைய சூடு, ஆழம், கடித்த நேரம் ஆகியவற்றையும் பக்கத்தில் குறியுங்கள். இரண்டே கோடையில் உங்கள் துறைக்கான வரைபடம் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

80 அடி ஆழத்துக்குத் தூண்டிலை எப்படிக் கொண்டுபோவது?

டவுன்ரிகர்தான் நேர்வழி. படகின் பின்பக்கம் பொருத்தும் ஒரு சின்ன பாரந்தூக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளையில் கம்பி, கம்பியின் நுனியில் 10 முதல் 15 பவுண்டு எடையுள்ள ஈயக்குண்டு. தூண்டில் நரம்பைக் குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கவ்வியில் மாட்டி இறக்குவோம். மீன் கடித்ததும் கவ்வி நரம்பை விட்டுவிடும். குண்டின் பாரம் இல்லாமல் மீனும் ராடும் மட்டும் நேருக்கு நேர்.

மாட்டியதும் ராட் நன்றாக வளையும்வரை நரம்பை இறுக்கிச் சுற்றுங்கள். இதைப் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். தளர்ந்த நரம்பில் மீன் கடித்தது தெரியாமலே போகும். வளைந்து நிற்கும் ராட், கவ்வி விட்ட அந்த நொடியில் படாரென்று நிமிரும், பிறகு ரீல் கத்தத் தொடங்கும். நுனி லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தால் கவ்வியை விடுவிக்க முடியாத சின்ன மீன் ஒன்று மாட்டியிருக்கும். அதை இழுத்துக்கொண்டே போவது பாவம், உடனே எடுத்துவிடுங்கள்.

குண்டுக்கும் இரைக்கும் இடையே எவ்வளவு நரம்பு? ஆழத்தில், மீனைக் கவரப் பளபளக்கும் தகடான ஃப்ளாஷரோடு ஓட்டும்போது 10 முதல் 25 அடி போதும். மேலே, வெளிச்சத்தில், ஸ்பூன் மட்டும் ஓட்டினால் 50 அடிக்கு மேல் விடுங்கள், படகின் சத்தத்துக்கு மீன் ஒதுங்கும்.

இன்னொன்று. எண்காட்டி 100 அடி என்று காட்டினாலும் குண்டு 100 அடியில் இருக்காது. தண்ணீரின் எதிர்ப்பில் கம்பி பின்னோக்கிச் சாயும், உண்மையான ஆழம் குறையும். குண்டின் எடை குறையக் குறைய, வேகம் கூடக் கூட, சாய்வு அதிகம். ஆழத்தில் பிடிக்கப் போகிறவர்கள் 15 பவுண்டு குண்டுக்கு மாறிவிடுவது நல்லது.

டவுன்ரிகர் இல்லையென்றால்?

டைவர் இருக்கிறதே. உள்ளங்கை அளவு வட்டத் தட்டு. இழுத்தால் தண்ணீரைக் குடைந்துகொண்டு கீழே போகும். அடியில் இருக்கும் திருகை ஏதாவது ஓர் எண்ணுக்குத் திருப்பினால் இடமாகவோ வலமாகவோ விலகியும் ஓடும். எண் கூடினால் பக்கவாட்டில் அதிகம் விலகும், ஆழம் குறையும். இதற்கு நீளாத பின்னல் நரம்பும் திடமான ராடும் வேண்டும். கடிக்கும்போது ராட் தாங்கியே பிய்ந்துவிடுமோ என்று தோன்றும்.

ஈயத்தை உள்ளே வைத்து நெய்த லெட்கோர் நரம்பும் நல்லது. பத்து கஜத்துக்கு ஒரு நிறம் என்று வண்ணம் மாறி மாறி வரும். மெதுவான வேகத்தில் ஒரு நிறத்துக்கு 5 அடி ஆழம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இன்னும் ஆழம் வேண்டுமானால் செம்புக் கம்பி. சுற்றி எடுக்கும்போது தோள் வலிக்கும், ஆனால் படகுக்கு வெகுதூரம் பின்னால் சத்தமில்லாமல் ஓடுவதால் மிரண்ட மீன்களும் கடிக்கும்.

முதல் கோடையில் இரண்டு டைவரும் ஒரு டவுன்ரிகரும் போதும். மூன்றையும் சிக்கலில்லாமல் ஓட்டப் பழகிய பிறகு மற்றதை யோசிக்கலாம்.

எவ்வளவு வேகம்?

சினூக்குக்கு 2.2 முதல் 2.8 மைல். ஸ்டீல்ஹெட் 3 வரை துரத்தும். லேக் ட்ரௌட்டுக்கு 2க்குக் கீழே குறைத்து, குண்டைத் தரைக்குச் சில அடி மேலே ஓடவிடுங்கள்.

ஆனால் ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். தூண்டில் ஓடும் ஆழத்தில் நீரோட்டம் வேறு திசையில் போகலாம். மேலே 2.5 என்று காட்டும்போது கீழே ஸ்பூன் 1.5இல் தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது 3.5இல் பைத்தியம் பிடித்ததுபோலச் சுழலும். மேற்கே ஓட்டினால் கடிக்கிறது, கிழக்கே ஓட்டினால் கடிக்கவில்லை என்பவர்களின் புதிர் பெரும்பாலும் இதுதான். குண்டருகே வேகத்தை அளக்கும் கருவி இருந்தால் நேராகத் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் கம்பியின் சாய்வைப் பாருங்கள். மீன் கடித்த நேரத்தில் கம்பி எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வு வரும்வரை எல்லாத் திசையிலும் வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள்.

நேர்கோட்டிலேயே ஓட்டாதீர்கள். படகு திரும்பும்போது வெளிப்பக்கத் தூண்டில்கள் வேகமெடுத்து மேலேறும், உட்பக்கத் தூண்டில்கள் மெதுவாகிக் கீழிறங்கும். வெளிப்பக்க ராடில் கடித்தால் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள், உட்பக்கத்தில் கடித்தால் குறையுங்கள். மீனே சொல்லித்தரும் பாடம் இது. பெரிதாக வளைந்து திரும்புங்கள், சட்டென்று திருப்பினால் நரம்புகள் எல்லாம் ஒரே பின்னலாகிவிடும்.

சரி, எந்த ஸ்பூன்? என்ன நிறம்?

விடியுமுன் இருட்டில் ஒளிரும் பூச்சுள்ளவை. விளக்கில் காட்டிவிட்டு இறக்குங்கள். வெயில் ஏறியதும் வெள்ளி, பச்சை, நீலம். ஸ்டீல்ஹெட்டுக்கு ஆரஞ்சு. சினூக்குக்கு 8 அங்குல ஃப்ளாஷரின் பின்னால் ஏறக்குறைய 2 அடி நரம்பில் ஃப்ளை என்ற மினுக்குநூல் போலி இரையைக் கட்டினால், ஆகஸ்ட் முழுதும் அதை வைத்தே ஓட்டலாம். ஃப்ளாஷர் சுழலும்போது ஃப்ளை சவுக்குபோல் வெட்டி இழுபடும், அதுதான் மீனைச் சீண்டுகிறது.

நிறத்தை மாற்றுமுன் ஆழத்தை மாற்றுங்கள், ஆழத்தை மாற்றியும் பலனில்லை என்றால் வேகத்தை மாற்றுங்கள். அதன் பிறகு ஸ்பூன் பெட்டியைத் திறங்கள். கொக்கி கூர்மையாக இருக்கிறதா என்று நகத்தில் வைத்துப் பார்ப்பது எந்த நிறத்தையும்விட முக்கியம். நகத்தில் வழுக்கினால் தீட்டுங்கள்.

எத்தனை மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும்?

கீழ்வானம் வெளுக்குமுன். அந்த முதல் ஒன்றரை மணிநேரத்தில் சினூக் மேலே 30, 40 அடியில்கூட இரை தேடும். வெயில் ஏற ஏற இறங்கும். குவாகா சிப்பிகள் தண்ணீரை வடிகட்டித் தெளிவாக்கிவிட்டதால் வெளிச்சம் இப்போது ஆழம்வரை போகிறது, இறக்கமும் அதற்கேற்ப அதிகம். ஒவ்வொரு மணிக்கும் 10 அடி கூடுதலாக இறக்குவது என் பழக்கம்.

எழுந்திருக்க முடியாதவர்களுக்கு நடுப்பகலில் வேறு ஆட்டம் உண்டு. கரையிலிருந்து பல மைல் வெளியே, சூடான நீரும் குளிர்நீரும் உரசும் கோடு மேற்பரப்பிலேயே தெரியும். நுரை, இறகு, செத்த பூச்சிகள் எல்லாம் வரிசையாக மிதக்கும். அந்தக் கோட்டை ஒட்டி ஸ்டீல்ஹெட்டும் கோஹோவும் மேலேயே திரியும்.

நரம்பில் ஈரப்பஞ்சு மாதிரி ஏதோ அப்பிக்கொள்கிறதே?

நீர்த்தெள்ளுகள். நீண்ட முள்வால் கொண்ட, கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் சின்னஞ்சிறு உயிர்கள். ஐரோப்பா, ஆசியப் பக்கமிருந்து சரக்குக் கப்பல்களின் நிலைநீரோடு வந்து சேர்ந்தவை. இவற்றில் ஓர் இனத்தை ஒன்டாரியோ ஏரியில் 1998இல் கண்டார்கள். ஆயிரக்கணக்கில் நரம்பில் மாட்டி, ராட் நுனி வளையத்தில் கட்டியாகச் சேர்ந்து, மீன் பாதி வழியில் இருக்கும்போது ரீல் சுற்ற முடியாமல் செய்துவிடும். மெல்லிய நரம்பில் அதிகம் ஒட்டும், 30 பவுண்டு தடித்த நரம்பில் குறைவு. சுற்றும்போது பக்கத்தில் நிற்பவர் நரம்பை வீணைத் தந்திபோல் மீட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

மீன் கடித்துவிட்டது. அடுத்து?

படகை நிறுத்தாதீர்கள். வேகத்தை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். நிறுத்தினால் நரம்பு தளரும், மற்றத் தூண்டில்கள் மூழ்கிச் சிக்கும். பெரிய சினூக் முதல் ஓட்டத்தில் 300 அடி நரம்பை உருவும், ரீலின் பிடியை இறுக்கி அதைத் தடுக்கப் பார்த்தால் அறுத்துக்கொண்டு போய்விடும். ஓடட்டும். நின்றதும் ராடை மெல்ல உயர்த்தி, இறக்கும்போது மட்டும் சுற்றுங்கள். வலையைத் தண்ணீருக்குள் முன்னதாக வைத்து மீனின் தலையை அதற்குள் நடத்துங்கள். வாலுக்குப் பின்னால் வலையை வீசுபவரிடமிருந்துதான் அதிக மீன் தப்பிக்கிறது.

கையில் இருப்பது எந்த மீன் என்று எப்படிச் சொல்வது?

வாயைத் திறந்து கீழ் ஈறைப் பாருங்கள். கன்னங்கரேல் என்றால் சினூக். வாய் கறுத்து, பல் நிற்கும் இடம் மட்டும் வெளுத்திருந்தால் கோஹோ. வாய் முழுக்க வெள்ளை, வால் முழுதும் புள்ளிகள் வரிவரியாக என்றால் ரெயின்போ. கறுத்த உடம்பில் வெளிர்ப்புள்ளிகளும் நன்றாகப் பிளந்த வாலும் லேக் ட்ரௌட்டுக்கு. சினூக்குக்கு வாலின் மேல்பாதி, கீழ்பாதி இரண்டிலும் புள்ளி உண்டு, கோஹோவுக்கு மேல்பாதியில் மட்டும்.

அட்லாண்டிக் சால்மனையும் பிரவுன் ட்ரௌட்டையும் பிரித்தறியத்தான் சிரமம். அட்லாண்டிக்கின் மேல்தாடை கண்ணின் பின்விளிம்பைத் தாண்டாது, வால் பிடிப்பதற்கு ஏற்ற மாதிரி ஒடுங்கியிருக்கும். சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள். நூறாண்டுக்குப் பிறகு திரும்பி வரும் மீன் அது.

பிடித்ததைத் திரும்ப விடலாமா?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 48 டிகிரி குளிரிலிருந்த சினூக்கை இருபது நிமிடம் போராடவைத்து, 72 டிகிரி மேல்நீருக்குக் கொண்டுவந்து, படத்துக்குத் தூக்கி நிறுத்திவிட்டு விட்டால் அது பிழைப்பது சந்தேகம். நீந்திப் போனதைப் பார்த்தோம் என்பார்கள். கண்ணுக்குத் தெரியும்வரைதான் அது நீந்துகிறது. கொடும் கோடையில் சினூக்கை விளையாட்டுக்குப் பிடித்து விடுவதை நான் நிறுத்திவிட்டேன். வீட்டுக்குத் தேவையானது கிடைத்ததும் தூண்டிலைச் சுற்றிவிட்டுக் கரைக்குத் திரும்பலாம்.

அளவு குறைந்ததையும் விலக்கப்பட்டதையும் விட்டே ஆகவேண்டும். அப்போது வலையைத் தண்ணீரிலேயே வைத்து, மீனை வெளியே எடுக்காமல் இடுக்கியால் கொக்கியைக் கழற்றுங்கள். ஆழத்திலிருந்து வரும் லேக் ட்ரௌட் மேலே வரும் வழியில் குமிழ்குமிழாகக் காற்றை விடும், திரையிலும் தண்ணீரிலும் பார்க்கலாம். அதன் காற்றுப்பை தொண்டையோடு இணைந்திருப்பதால் இப்படி முடிகிறது. அது நல்ல அறிகுறி. விடும்போது தலைகீழாக வேகமாகத் தண்ணீருக்குள் பாய்ச்சினால் குளிர்ப்படுகைக்குச் சீக்கிரம் போய்ச்சேரும்.

உரிமம், விதிகள்?

ஒன்டாரியோவில் 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி உரிமமும் வேண்டும். ஏரி 20ஆம் மீன்வள மண்டலத்தில் வருகிறது. ஏரியின் பெரும்பகுதியில் படகிலிருந்து ஒருவர் 2 தூண்டில் ஓட்டலாம். எந்த இனத்தில் எத்தனை, எவ்வளவு நீளம் என்பதை மாகாணம் வெளியிடும் அந்தந்த ஆண்டு விதித்தொகுப்பில் பார்த்துவிட்டுப் போங்கள். ஏரியின் நடுவே அமெரிக்க எல்லை ஓடுகிறது. அதைத் தாண்டித் தூண்டில் விட்டால் நியூயார்க் மாநில உரிமம் தேவை. மோட்டார் படகை ஓட்டுபவருக்குப் படகோட்டி அட்டையும் வேண்டும். படகை வண்டியில் ஏற்றியதும் தண்ணீரை வடித்து, ஒட்டிய செடிகளை அகற்றுவது 2022 முதல் ஒன்டாரியோவில் சட்டம்.

சாப்பிடலாமா?

சாப்பிடலாம், அளவோடு. இந்த ஏரி மீனின் கொழுப்பில் பிசிபி போன்ற பழைய தொழிற்சாலை நச்சுகள் சேர்ந்திருக்கின்றன, பெரிய மீனில் அதிகம். எந்த இனத்தை, எந்த நீளத்தில், மாதத்துக்கு எத்தனை தடவை என்று மாகாண அரசின் வழிகாட்டி பட்டியலிடுகிறது. பிள்ளைகளுக்கும் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் தனியாகக் குறைவான அளவு கொடுத்திருப்பார்கள், அதைப் பார்க்காமல் பங்கு வைக்காதீர்கள். சின்ன மீனை வைத்துக்கொண்டு, தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் முதுகோரக் கருஞ்சதையையும் சீவிவிடுங்கள். பிடித்த உடனே செவுளை வெட்டி இரத்தத்தை வடியவிட்டு ஐஸில் புதைத்தால் சதை கெட்டியாக நிற்கும்.

17 அடிப் படகில் போகலாமா?

போகலாம், நாளைத் தேர்ந்தெடுத்து. இந்த ஏரியின் அலை கடலலைபோல நீண்டு வராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின்மேல் ஒன்றாக வரும். கனடா வானிலைத் துறையின் கடல்சார் முன்னறிவிப்பில் காற்று 15 நாட் (மணிக்குச் சுமார் 17 மைல்) என்று கண்டால் சின்னப் படகோடு நான் துறையைவிட்டு நகரமாட்டேன். கரைக்காற்று அடிக்கும் காலைகள் ஏமாற்றும். துறையில் கண்ணாடிபோல் இருக்கும், ஐந்து மைல் வெளியே போன பிறகுதான் அலை தெரியும், திரும்பும்போது அது முகத்தில் அடிக்கும்.

கச்சானுக்குப் பிறகு மீன் நெருங்கிவரும் என்று மேலே சொன்னேன். அந்த நாள்களில்தான் ஜூலையிலும் தண்ணீர் 45 டிகிரிக்கு இறங்கியிருக்கும். விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுப்பாடில்லாமல் இழுக்கும், சில நிமிடங்களில் கைவிரல்கள் மடங்காமல் போகும். அதற்குப் பிறகு உயிர்காப்பு அங்கியை எடுத்து மாட்ட முடியாது. இருக்கைக்கு அடியில் வைக்காமல் உடம்பிலேயே போட்டிருங்கள், நீந்தத் தெரிந்தவரும்தான்.

ஜூன் மாதத்தில் குளிர்நீரின்மேல் மூடுபனி திடீரென்று இறங்கும். விஎச்எஃப் வானொலி, திசைகாட்டி, ஊதல் மூன்றும் இல்லாமல் கரை மறையும் தூரம் போக வேண்டாம். சரக்குக் கப்பல்கள் வெல்லண்ட் கால்வாய்க்குப் போகும் பாதை ஏரியின் குறுக்கே இருக்கிறது. பின்னால் 300 அடி நரம்போடு இருக்கும் உங்களுக்காக அவை திரும்பவோ நிற்கவோ முடியாது, தொலைவில் தெரிந்ததுமே நீங்கள் விலகிவிடுங்கள்.

முதல்முறை போகிறவர்கள், முடிந்தால், ஒரு நாள் வாடகைப் படகில் அனுபவமுள்ள கேப்டனோடு போய்வாருங்கள். அவர் ராடைத் தொடுமுன் எத்தனை தடவை சூட்டையும் காற்றையும் பார்க்கிறார் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள்.

ஆகஸ்ட் முடிவில் என்ன மாறும்?

நான்கு வயதை எட்டும் சினூக்குகள் தாங்கள் பிறந்த அல்லது விடப்பட்ட ஆற்றின் முகத்துவாரத்தை நோக்கி வந்து கூடும். வடகரையில் கிரெடிட், கனராஸ்கா ஆறுகளுக்கு வெளியே 60 முதல் 120 அடித் தண்ணீரில் இவற்றைத் தேடலாம். வெள்ளி நிறம் மங்கிப் பித்தளைச் சாயல் வரும், வயிறு சுருங்கி இரையெடுப்பதை நிறுத்தும். பசியில் கடிக்காத மீனை எரிச்சலூட்டித்தான் கடிக்கவைக்க வேண்டும். அதனால் பெரிய ஃப்ளாஷர், பளிச்சென்ற ஃப்ளை, இருட்டு நேரம். செப்டம்பரில் ஒரு நல்ல மழை பெய்து ஆறு கலங்கி ஓடினால், முகத்துவாரத்தில் கூடியிருந்தவை இரவோடிரவாக ஆற்றில் ஏறிவிடும். முட்டையிட்டபின் அவை எல்லாம் ஆற்றிலேயே இறந்துவிடும். ஆனால் ஒன்றிரண்டு வயதான இளம் சினூக்குகள் வெளியே ஆழத்தில், அதே 54 டிகிரியில், ஏல்வைஃப்பைத் துரத்திக்கொண்டிருக்கும். ஏரி அமைதியாக இருக்கும் செப்டம்பர் காலைகளில் நான் முகத்துவாரக் கூட்டத்தைத் தாண்டி அவற்றைத் தேடித்தான் போகிறேன்.